இடப்பக்கம் இழுக்கிற மட்டை

என்னுடைய ஹைபிரிட் கோல்ஃப் மட்டை இடப்பக்கம் இழுக்கும். எனக்கு அது தெரியும், மச்சானுக்குத் தெரியும், கரையோரத் தரவை வெளியில் மாடு கட்ட வருகிற சனத்துக்கும் தெரியும். எவ்வளவு நேராகக் குறி வைத்தாலும் பந்து கொஞ்சத் தூரம் ஒழுங்காகப் போகும், பிறகு திடீரென்று மனம் மாறி இடப்பக்கம் வளைந்து இறங்கும். அந்தப் பக்கத்தில்தான் பாதை. அரியாலையின் கிழக்குக் கரையில் கடைசி வீடுகளைத் தாண்டி ஆழமில்லாத பரவைக் கடலுக்குப் போகிற ஒற்றையடிப் பாதை அது. நண்டுக்கும் இறாலுக்கும் போகிற ஆட்கள் எல்லோரும் அதால்தான் போய்வருவார்கள். அதனால் எங்களிடம் ஒரேயொரு சட்டம் இருந்தது. பாதையில் ஆள் நின்றால் மட்டையைத் தூக்கக் கூடாது.

யாழ்ப்பாணத்தில் கோல்ஃபா என்று கேட்கிறவர்களுக்கு நான் இப்போது பதில் சொல்வதில்லை. அலுத்துப்போச்சு. கனடாவில் நான் கோல்ஃப் விளையாடப் போனவனில்லை, கோல்ஃப் மைதானத்தில் புல்லு வெட்டப் போனவன். வேலையாட்களை வாரத்தில் ஒரு பின்னேரம் சும்மா விளையாட விடுவார்கள். அங்கே பிடித்த பைத்தியம் இது. பென்சன் எடுத்துக்கொண்டு ஊருக்குத் திரும்பியபோது என்னுடைய மனிசி சட்டி பானையெல்லாம் கட்டிக்கொண்டு வந்தா, நான் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். விமான நிலையத்தில் அதைத் திறந்து பார்த்த சுங்கத்துப் பிள்ளை என்னையும் ஒருதரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் விட்டது.

இங்கே புல்லுக்கு எங்கே போவது? ஆனால் ஆவணி, புரட்டாதியில் தண்ணீர் வற்றிக் கடல் உள்ளுக்குப் போய்விடும். தரவை காய்ந்து சீமெந்துத் தரைபோல இறுகிக் கிடக்கும். அதில் நாலைந்து தடிகளை நட்டு, தடிக்கொரு பிளாஸ்ரிக் கானைக் கவிழ்த்து வைத்தோம். அதுதான் எங்கள் மைதானம்.

அந்த நிலத்தில், இரும்புத் தகடுபோலத் தலையுள்ள நீளமான அயன் மட்டையால் அடித்துப் பாருங்கள், முழங்கைவரை விறைக்கும். பந்துக்கு ஒரு நூல் பின்னால் பட்டால் போதும், பல்லுக்கூடக் கூசும். பெரிய வூட் மட்டை இன்னும் மோசம், தரையில் துள்ளிப்போய்ப் பந்தின் தலையில் தட்டும். ஹைபிரிட் இரண்டுக்கும் நடுவில் உள்ளது. தலை வூட் மாதிரி உருண்டை, ஆனால் சின்னன். தண்டு அயனைப்போலக் கட்டை. அடிப்பாகம் பாரமாக இருப்பதால், கொஞ்சம் பிசகிப் பட்டாலும் பந்து எழும்பிப் போகும். வயது போனவனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்.

மச்சான் ஒத்துக்கொள்ளவே மாட்டான். மனிசியின் தம்பி. வட்டுக்கோட்டையில் இருந்து மோட்டார் சைக்கிளில் வருவான். பின்னேரம் நாலு மணிக்கு வந்து, அக்காவின் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, நாலாம் நம்பர் அயனை எடுத்துத் தோளில் வைப்பான். அது அவனுக்கு மானப் பிரச்சினை. "ஹைபிரிட் கிழவரின்ரை மட்டை, அத்தான்" என்பான். ஒருநாள் கேலிக்கு அதை வாங்கி அடித்துப் பார்த்தான். சின்ன வயதிலிருந்து கிரிக்கெட் விளையாடி வளர்ந்தவன், எந்த மட்டையைக் கொடுத்தாலும் பந்தைக் கிளப்பி அடிக்கத்தான் பார்ப்பான். கிளப்பினால் ஹைபிரிட் போகாது. மேலேயிருந்து இறக்கி அடிக்க வேண்டும், கிளப்புகிற வேலையை மட்டை பார்த்துக்கொள்ளும். தொண்டைத் தண்ணி வற்றச் சொன்னேன். பந்து நிலத்தோடு நிலமாக உருண்டு ஓடி ஒரு மாட்டின் காலடியில் நின்றது. "பாத்தியளோ, உதவாத சாமான்" என்று மட்டையைத் திருப்பித் தந்தான். உதவாதது எது என்று எனக்குத் தெரியும், அக்காவின் முகத்துக்காகச் சொல்லாமல் விட்டேன்.

அதற்காக என்னுடைய மட்டையில் குற்றமே இல்லை என்று நான் சாதிக்கவில்லை. அதன் முகம் கொஞ்சம் உள்ளுக்குத் திரும்பினபடி இருக்கும். புதிதாகப் பழகுகிறவர்களுக்குப் பந்து வலப்பக்கம் ஓடும், அதைத் தடுக்க அப்படிச் செய்கிறார்களாம். புல்லு வெட்டுகிற மெஷினைத் தள்ளித் தள்ளி வலக்கை இறுகிப்போன எனக்கு அது உதவியில்லை, உபத்திரவம். பிடியைத் தளர்த்திப் பார்த்தேன். பந்தைப் பின்னுக்கு வைத்துப் பார்த்தேன். சில நாள் கேட்கும், சில நாள் கேளாது.

பாதையின் தொடக்கத்தில் இருக்கிற வீட்டுக்காரர்தான் இந்த மட்டைக்கு 'அகப்பை' என்று பேர் வைத்தவர். நண்டு பிடிக்கிறவர், என்னைவிடப் பதினைந்து இருபது வயது இளமை. சின்ன வயதில், சண்டைக்காலத்தில் செல் துண்டு பட்டு வலக்கண் போய்விட்டது. மிச்சக் கண்ணோடுதான் வலை கட்டுவார், இருட்டில் தடி நாட்டுவார், தண்ணிக்குள் நண்டின் நிழலைக் காண்பார். எங்கள் பந்துகள் கண்டல் பற்றைக்குள் போனால், ஒற்றைக் கண்ணால் அவர்தான் தேடி எடுத்துத் தருவார். இரண்டு கண் வைத்திருக்கிற நாங்கள் பக்கத்தில் நின்று "அங்கை, உங்கை" என்று கையைக் காட்டுவோம். "அண்ணை, உந்த அகப்பையாலை இண்டைக்கு எத்தினை பேருக்குச் சோறு போட்டனீங்கள்?" என்று கேட்டுச் சிரிப்பார். எனக்கு அவரில் நல்ல விருப்பம்.

அன்றைக்கு நானும் மச்சானும் வழக்கம்போலக் கொழுவிக்கொண்டுதான் நின்றோம். தூரத்துக் கானை யார் தொடுகிறது என்று போட்டி. அவன் அயனால் அடித்தான். தரையும் பந்தும் ஒன்றாகப்பட்டு, மட்டையைக் கீழே போட்டுவிட்டுக் கையை உதறினான். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "இப்ப கிழவரின்ரை மட்டையைப் பார்" என்று சொல்லி ஹைபிரிட்டை எடுத்தேன். பாதையைத் திரும்பிப் பார்த்தேன். வெறுமையாகக் கிடந்தது.

நான் பந்தடியில் நின்றால் பாதை எனக்கு முதுகுப் பக்கம். என் முகத்தைப் பார்த்தபடி நிற்கிற மச்சானுக்குத்தான் அது நேரே தெரியும். நான் குனிந்து, பிடியைச் சரிசெய்து, பந்தை ஒரு விரற்கடை பின்னுக்கு வைத்து, மூச்சை விட்டு, மட்டையைத் தூக்கினேன். அந்த நேரத்தில் நண்டு பிடிக்கிறவர் படலையைத் திறந்து பாதைக்கு இறங்கியிருக்கிறார். மச்சான் கண்டிருக்கிறான். வாயைத் திறக்கவில்லை.

அடி நன்றாகப் பட்டது. அவ்வளவு சுத்தமாக அந்த மாதத்தில் ஒரு அடியும் படவில்லை. நிமிர்ந்து பார்த்தேன், பந்து எழும்பி வளையத் தொடங்கியது. அது வளைகிற பக்கத்தில், தோளில் வலையோடு அவர் எங்களுக்கு முதுகைக் காட்டி நடந்துகொண்டிருந்தார்.

"தம்பி" என்று கத்தினேன். "தம்பி, பந்து" என்று என் குரல் கிழியக் கத்தினேன். அவர் குனியவில்லை, ஒதுங்கவில்லை, கழுத்தைக்கூடத் திருப்பவில்லை. பந்து தரையில் ஒருதரம் குத்தித் துள்ளி அவருடைய பிடரியில் பட்டது. அந்தச் சத்தம் எங்களுக்குக் கேட்டது. வலையை மெதுவாக நிலத்தில் வைத்தார், அதற்குப் பிறகுதான் தானும் குந்தினார்.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. போய்ச் சேர்ந்தபோது இரண்டு கையாலும் நிலத்தைத் தடவிக்கொண்டிருந்தார். இரத்தம் இல்லை. பிடரியில் வீக்கம் எழும்பத் தொடங்கியிருந்தது. முகத்தை என் பக்கம் திருப்பினார், ஆனால் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பக்கத்தில் எதையோ பார்த்தார்.

"ஆர் லைற்றை நூத்தது?" என்று கேட்டார்.

பின்னேரம் நாலரை மணி. வெயில் கண்ணைக் குத்துகிறது.

அவருடைய மனைவி படலையடியில் நின்றவ, ஓடிவந்தா. மச்சான் ஓட்டோ பிடிக்கப் போய், ஒன்றைக் கூட்டிக்கொண்டு வந்தான். அவரைத் தூக்கி ஏற்றும்போது நான் அவனைப் பிடித்துக்கொண்டேன். "நீ கண்டனீதானே? எனக்கு முன்னாலை நிண்டு கண்டனீதானே? வாயிலை என்ன, கொழுக்கட்டையே?"

அவன் நிலத்தில் கிடந்த வலையைக் காட்டினான். "புது வலை, அத்தான். முதல்முதல் கொண்டு போறார். பின்னாலை நிண்டு எப்பிடிக் கூப்பிடுறது?"

எனக்கு வந்த கோபத்துக்கு அவனை அடித்திருப்பேன். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஒரு காரியத்துக்கு வெளிக்கிடுகிறவனைப் பின்னால் நின்று கூப்பிடக் கூடாது. அதிலும் புது வலையை முதல்தரம் தண்ணிக்குக் கொண்டு போகிறவனோடு கதைக்கவே மாட்டார்கள், எதிரில் வருகிறவர்களும் பார்த்துத்தான் வருவார்கள். எனக்கும் தெரியும். ஆனால் பறந்து வருகிற பந்துக்குச் சகுனம் பார்க்கிற ஒருவனை எனக்கு மச்சானாகக் கட்டிவைத்தார்களே என்று பல்லைக் கடித்தேன். "நீ இஞ்சையே நில். உன்ரை சகுனத்தைக் காவல் பார்த்துக்கொண்டு நில்" என்று சொல்லிவிட்டு ஓட்டோவில் ஏறினேன். அவன் அந்த வலைக்குப் பக்கத்தில் அப்படியே நின்றான்.

வழி நெடுக அவர் மனைவியின் கையைப் பிடித்தபடி இருந்தார். இடைக்கிடை, "வெளிச்சம் வந்திட்டுதோ?" என்று கேட்டார். இல்லை, இன்னும் கொஞ்சத்தாலை வரும் என்று அவ சொன்னா. கரண்ட் போன வீட்டில் கதைக்கிற மாதிரி இரண்டு பேரும் கதைத்தார்கள். நான் எதிரில் குந்தியிருந்து அவருடைய ஒற்றைக் கண்ணைப் பார்த்தேன். திறந்துதான் இருந்தது. என் கையை அதற்கு முன்னால் கொண்டுபோய் மெல்ல ஆட்டினேன். இமை அசையவில்லை.

பெரியாஸ்பத்திரியில் ஸ்கான் எடுத்தார்கள். டொக்டர் ஒரு இளம் பிள்ளை, நல்ல பொறுமை. உள்ளுக்கு இரத்தம் கசியவில்லை, கண்ணிலும் ஒரு பிழையுமில்லை என்று சொன்னா. மூளையின் பின்பக்கம்தான் பார்வைக்குப் பொறுப்பாம், அது அதிர்ந்திருக்கிறது. தானாகத் திரும்பும் என்றுதான் நினைக்கிறோம் என்றா.

"எப்ப?" என்று கேட்டேன்.

"பொறுத்துத்தான் பாக்க வேணும், ஐயா."

"திரும்பாட்டில்?"

அவ திரும்பி அவருடைய கட்டிலைப் பார்த்தா. எனக்குப் போதும்.

வெளி விறாந்தையில் மர வாங்கின் ஒரு நுனியில் நான் குந்தியிருந்தேன், மற்ற நுனியில் அவருடைய மனைவி. என்ன சொல்லுவது? மன்னித்துக்கொள்ளுங்கோ என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை, அது அவ்வளவு மலிவாக இருந்தது. என் தலைக்குள் அந்த அடிதான் ஓடிக்கொண்டிருந்தது. பந்தைப் பின்னுக்கு வைத்தேனே, பிடியைத் தளர்த்தினேனே, ஏன் வளைந்தது? இறுகின தரை, உள்ளுக்குத் திரும்பின முகம், சுத்தமாகப் பட்ட அடி. பிழையாகப் பட்டிருந்தால் பத்து மீற்றர் தூரத்தில் உருண்டு நின்றிருக்கும். அதை நினைக்க நினைக்க விசர் பிடித்தது. ஒரு மனிசனுக்கு இருக்கிறதே ஒரு கண். அதிலும் கொண்டுபோய் அடித்தேனே.

அவதான் முதலில் கதைத்தா. "அண்ணை, நீங்கள் கூப்பிட்டது எனக்குக் கேட்டது."

"ஓம். கத்தினனான். அவருக்குக் கேக்கேல்லை."

"கேட்டதாம்."

நான் அவவைத் திரும்பிப் பார்த்தேன்.

"உங்கடை குரல் எண்டும் தெரிஞ்சதாம். நான்தான் படலையடியிலை வைச்சுச் சொல்லிவிட்டனான். ஆர் கூப்பிட்டாலும் திரும்பாதேங்கோ, நேரை போங்கோ எண்டு. போன வலை சரியில்லாமல் போயிட்டுது எண்டு இந்த வலையிலை எனக்கு ஒரு பயம்." சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டா. "நான் சொல்லாட்டில் குனிஞ்சிருப்பார், அண்ணை."

மச்சானைத் திட்டியதுபோல இவவைத் திட்ட முடியுமா? முடியாது. திட்டவேண்டிய ஆட்களை எண்ணிக்கொண்டு போனால் கடைசியில் மட்டையைப் பிடித்த கைதான் மிஞ்சும். குனிந்திருப்பார், உண்மைதான். குனியாமல் திரும்பிப் பார்த்திருந்தாலோ? பந்து முகத்தில் பட்டிருக்கும், இருக்கிற கண்ணில். இப்படியும் நினைத்தேன், அப்படியும் நினைத்தேன், ஒன்றும் சரிவரவில்லை. "பிள்ளை, அது உம்மடை பிழையில்லை" என்று மட்டும் சொன்னேன். அவ நம்பவில்லை.

அன்றிரவு ஆண்கள் வார்டில் துணைக்கு ஒரு ஆண்தான் நிற்கலாம் என்றதால் நான் நின்றேன். விடியத் தேத்தண்ணி வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது அவர் கட்டிலில் எழும்பி இருந்தார், முகம் யன்னல் பக்கம். நான் கோப்பையை வைக்கிற சத்தத்துக்குத் திரும்பினார். என்னைப் பார்த்தார். என் பக்கத்தில் எதையோ அல்ல, என்னைத்தான்.

"அண்ணை, சேவ் எடுக்கேல்லையோ? நரைச்ச தாடி ஒரு பக்கம் கூடக் கிடக்கு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வார்டில் அத்தனை பேருக்கும் முன்னால், கோப்பையும் கையுமாக நின்று அழுதேன். வெட்கமும் வரவில்லை. தேத்தண்ணி ஆறப்போகுது, இருங்கோ அண்ணை என்று அவர்தான் என்னைச் சமாதானப்படுத்தினார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் மச்சானின் கதை தெரிந்தது. தரவையில் வலைக்குப் பக்கத்தில் பொழுதுபட்ட பிறகும் நின்றிருக்கிறான். மாடு மிதிக்கக் கூடாது, நாய் தாண்டக் கூடாது என்று. மனிசி போய்க் கூப்பிட்டும் வரவில்லை. கடைசியில் அவருடைய மனைவியின் தமையன் வந்து வலையை எடுத்துக்கொண்டு போன பிறகுதான் வீட்டுக்கு வந்தானாம், ஒரு வாய் சாப்பிடவில்லையாம். நான் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகும் நாலு மணிக்கு வந்தான், தேத்தண்ணி குடித்தான், மட்டைப் பைகளை இரண்டு பேரும் தொடவில்லை. ஹைபிரிட் பற்றி இத்தனை வருடமாக வாய் ஓயாத மனிதர்கள் மழை வருமா வராதா என்று கதைத்துக்கொண்டிருந்தோம்.

அவரை இரண்டு வாரம் தண்ணிக்குள் இறங்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். அது முடிந்ததும் வலைக்குத் திரும்பவும் கற்பூரம் கொளுத்தினார்கள். தண்ணியே படாத வலை, புது வலைதானே. செய்தி கேள்விப்பட்டு நானும் மச்சானும் தரவைக்குப் போனோம். எங்களைக் கண்டால் நல்லதா கெட்டதா என்று தெரியாமல் பாதையில் இருந்து தூரத்தில், கண்டல் பற்றைக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றோம். அவர் எங்களைக் கண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன், ஒற்றைக் கண்ணுக்குத் தப்புகிறது குறைவு. படலையடியில் மனைவி நின்றா. இந்தமுறை அவ ஒன்றும் சொல்லவில்லை, வாயை இறுக்கிக்கொண்டு நின்றா.

அவர் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். எங்களைத் தாண்டிப் போனார். பழையபடி முதுகு தெரிந்தது, பிடரி தெரிந்தது. கொஞ்சத் தூரம் போனதும் அவருடைய நடை தளர்ந்தது. இன்னும் இரண்டடி வைத்தார். நின்றுவிட்டார்.

தண்ணி இன்னும் தூரத்தில். முன்னால் ஒன்றுமில்லை. ஏன் நிற்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. மயக்கமோ, திரும்பவும் இருட்டிவிட்டதோ என்று நினைத்தேன்.

அவர் திரும்பாமல், தலையைக்கூட அசைக்காமல், கடலைப் பார்த்தபடி கேட்டார்.

"அண்ணை, அடிக்கிறியளோ?"

அந்த இடத்திலேயே நான் செத்துப்போனேன் என்றுதான் சொல்லவேண்டும். இல்லை என்று கத்த வாயைத் திறந்தேன். பின்னால் நின்று எப்படிச் சொல்லுவது? புது வலை. மச்சானைப் பார்த்தேன், அவன் ஏற்கெனவே நடக்கத் தொடங்கிவிட்டான். நானும் ஓடினேன். பாதையை விட்டு விலகி, இரண்டு பேரும் தரவையால் சுற்றி, மூச்சு வாங்க ஓடி, அவருக்கு முன்னால் போய் நின்றோம். கழுத்து நரம்பு புடைக்க வலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார், வேர்த்து ஒழுகியது.

நான் மட்டையில்லாத இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். மச்சானும் காட்டினான்.

அவர் என் கைகளைப் பார்த்தார், பிறகு அவனுடைய கைகளைப் பார்த்தார். எங்களை விலத்திக்கொண்டு தண்ணிக்கு நடந்தார்.